மூழ்காத படகு

என் தங்கையின் புருஷன் கப்பல் கேப்டன். சரக்குக் கப்பல். சண்டை நடக்கிற கடலில் அவரைக் கப்பலோடு பிடித்தார்கள். விசாரணை என்று ஒன்று வைத்தார்கள். சுட்டுவிட்டார்கள். அவர் பட்டாளத்தில் இருந்தவர் இல்லை. கையில் துப்பாக்கி பிடித்தவரும் இல்லை. கோதுமையும் சிமெண்டும் ஏற்றிப் போய் இறக்கிவிட்டு வருகிறவர்.

ஊரில் அவரை வீரர் என்கிறார்கள். அந்தச் சொல் காதில் விழுந்தால் நான் அந்த இடத்தை விட்டு எழுந்துவிடுவேன்.

எங்கள் ஊர் எருத்தேன்பதியில் அவர் வீடும் எங்கள் வீடும் ஒரே வாய்க்கால் ஓரம். ஒரே பள்ளிக்கூடம். நான் ஆறாவதோடு நின்றேன். தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்றார் அப்பா. கேப்டன் மேலே மேலே படித்துக்கொண்டே போனார். சென்னையில் கப்பல் படிப்பு என்றார்கள். எங்கள் ஊரில் அப்போது பாதிப் பேர் கடலைப் பார்த்ததில்லை. நேவியா என்று கேட்டார்கள். இல்லை, லாரி மாதிரி, தண்ணியில ஓடும், அவ்வளவுதான் என்பார்.

என் தங்கையைப் பெண் கேட்டு வந்தபோது அப்பா தயங்கினார்.

"கப்பல்ல போறவனுக்கு எப்பிடிரா பொண்ணக் குடுக்கறது? வருசத்துல பாதி நாள் ஊட்ல இருக்க மாட்டான்."

"மீதிப் பாதி நாள் இருப்பானுங்களே" என்றேன். குடுக்கலாம் என்று சொன்னவன் நான்தான்.

கல்யாணத்துக்கு முன்னால் நாங்கள் வாடா போடா. தாலி கட்டிய மறுநாளில் இருந்து நான் அவருக்கு மச்சான், அவர் எனக்கு மாப்பிள்ளை. வாங்க போங்க ஆகிவிட்டது. கொஞ்ச நாள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம் பழகிவிட்டது.

முதலமடையில் நான் மாந்தோப்பு குத்தகைக்கு எடுக்கிறேன். லீவில் வந்தால் அவர் தோப்புக்கு வந்துவிடுவார். லாரியில் பெட்டி அடுக்குகிற இடத்தில் நிற்பார். ஒரு பக்கம் கனம் கூடிவிட்டது, அந்த வரிசையை இந்தப் பக்கம் மாற்று என்பார். லாரி டிரைவர் ஒருமுறை சொன்னார்: "கேப்டனுங்க, இது வடக்க போற வண்டிங்க. நடுவுல அலை எல்லாம் வராதுங்க."

"வளைவு வருமல்லங்க" என்றார் இவர்.

ராத்திரி மோட்டார் சத்தம் கேட்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. கப்பல் இன்ஜின் பழக்கம். கரண்ட் போனால் எழுந்து உட்கார்ந்துகொள்வார். என் தங்கை திட்டுவாள். பெரிய பேச்சுக்காரர் இல்லை. கடலைப் பற்றிக் கேட்டால் "தண்ணிதான்" என்பார்.

அந்த வருடம் அவர் போகிற வழியில் இரண்டு நாட்டுக்குச் சண்டை ஆரம்பித்தது. ஒடுக்கமான கடல். அதில் போகிற கப்பல்களை ஒரு கூட்டம் சின்னப் படகுகளில் வந்து மறித்தது. இவர் கப்பலையும் மறித்தார்கள். அவர் என்னிடம் போனில் சொன்னது இவ்வளவுதான்:

"நிக்கச் சொன்னாங்க மச்சான். நிக்கலீங்க. நின்னா அத்தன பேரையும் புடிச்சுட்டுப் போயிருவாங்க. கப்பலத் திருப்பி நேரா அவிய மேலயே உட்டேன். ஒதுங்கிட்டாங்க. அப்பறம் ஓடிட்டாங்க."

"யாருக்காச்சும் ஏதாச்சும் ஆச்சா?"

"ஒண்ணுமில்லீங்க. படகுக்கும் ஒண்ணுமில்ல, நமக்கும் ஒண்ணுமில்ல."

கம்பெனியில் பாராட்டினார்கள். என் தங்கைக்கு அன்றைக்கு நாளெல்லாம் போன்தான். எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. அவர் மாரியம்மன் நோம்பிக்கு லீவில் வருவதாக இருந்தது. நான் பிளக்ஸ் வைக்க முடிவு பண்ணினேன்.

எங்கள் பக்கம் காதுகுத்துக்குப் பிளக்ஸ். புதுமனை புகுவிழாவுக்குப் பிளக்ஸ். செத்தால் பிளக்ஸ். காது குத்துகிற குழந்தையைச் சிங்கம் என்று எழுதுவோம். யாரும் போய்ப் பிடரி மயிர் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. அது ஒரு வழக்கம். படிப்பார்கள், சிரிப்பார்கள், போவார்கள்.

கொழிஞ்சாம்பாறையில் பிளக்ஸ் அடிக்கிற கடைக்குப் போனேன். மாப்பிள்ளையின் போட்டோ வேண்டும் என்று தங்கையிடம் கேட்டேன். வெள்ளைச் சட்டையும் தோளில் பட்டையுமாக அவர் நிற்கிற படத்தை அவள் போனில் அனுப்பினாள். அவர் அவளுக்கு மட்டும் அனுப்பியிருந்த படம் அது. கடைக்காரர் அதைப் பெரிதாகப் போட்டார். பின்னால் ஒரு கப்பல், அலை, ஒரு புலி. கீழே வாழ்த்துகிறவர்கள் போட்டோ வரிசையாக. முதல் போட்டோ என்னுடையது. செல்லைக் காதில் வைத்துக்கொண்டு எங்கேயோ பார்க்கிற மாதிரி. கடைக்காரர்தான் அப்படி நிற்கச் சொன்னார்.

வாசகம் என்ன என்றார். படகை விரட்டிய என்று சொன்னேன்.

"விரட்டியன்னு போட்டா நாய வெரட்டுன மாதிரி இருக்குதுங்க. இவ்ளோ பெரிய கப்பல் போட்டிருக்கறோம்."

"அப்ப மூழ்கடித்தன்னு போடுங்க" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. வாயில் வந்தது. "எதிரிப் படகை மோதி மூழ்கடித்த எங்கள் மண்ணின் மைந்தனே வருக வருக." ஊர் முக்கில் கட்டினோம்.

மாப்பிள்ளையைக் கோயம்புத்தூர் ஏர்போர்ட்டில் இருந்து நானே கூட்டி வந்தேன். முக்கில் வண்டியை நிறுத்தினேன். அவர் இறங்கி நின்று படித்தார். முதலில் புலியைப் பார்த்துச் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது.

"மூழ்கலீங்களே மச்சான்."

"இருக்கட்டும் மாப்ள. யாரு போயிப் பாத்தா?"

"அதில்லீங்க. மூழ்குச்சுன்னா அதுல ஆளு இருந்திருப்பாங்கல்ல. செத்திருப்பாங்க. இதக் கழட்டிருங்க."

"நோம்பி முடியட்டும் மாப்ள. சொந்தக்காரங்க எல்லாம் வருவாங்க. பாத்துட்டுப் போகட்டும்."

அவர் மறுபடி சொல்லவில்லை. பெண் கொடுத்த மச்சானிடம் இரண்டாவது தடவை சொல்கிற ஆள் இல்லை அவர். நோம்பி முடிந்தது. நான் கழற்றவில்லை. அதற்குள் ஊர்ப் பையன்கள் எல்லாரும் அதைப் போனில் படம் எடுத்து நெட்டில் போட்டுவிட்டார்கள். மழை வந்து ஒரு பக்கம் கிழிந்த பிறகுதான் இறக்கினேன். தலைகீழாகத் திருப்பி வைக்கோல் போருக்கு மூடினேன். நல்ல கனமான பிளக்ஸ்.

அவர் மறுபடி கப்பலுக்குப் போனார். அதே கடல். இந்த முறை படகு மட்டும் வரவில்லை, மேலே ஹெலிகாப்டரும் வந்தது. கப்பலைப் பிடித்துவிட்டார்கள்.

கொஞ்ச மாதம் ஒன்றும் தெரியவில்லை. என் தங்கை போனைக் கையிலேயே வைத்திருந்தாள். குளிக்கப் போனாலும் சன்னலில் வைப்பாள். பிறகு கம்பெனிக்காரர் ஒருவர் நேரில் வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார்.

பெட்டியில் வந்தார். திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். என் தங்கை பெட்டியின் மேல் கை வைத்து, இந்தப் பக்கம் தலையா அந்தப் பக்கம் தலையா என்று கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. அவளே ஒரு பக்கத்தைத் தலை என்று வைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்தாள்.

அடுத்த வருடம் திதி நெருங்குகிற சமயம், அந்தக் கப்பலில் இருந்த சிலரை விட்டார்கள். அதில் ஒருவர் கப்பலில் சமையல்காரர். இடுக்கிக்காரர். போடிமெட்டுப் பக்கம் எஸ்டேட்டில் வீடு. தங்கைக்குப் போன் பண்ணினார். அவளால் பேச முடியவில்லை. என்னைக் கூப்பிட்டாள்.

"நீங்க போயிட்டு வாங்ணா. கடைசி வரைக்கும் கூட இருந்தவராமா. எப்பிடி இருந்தாரு, என்ன சொன்னாருன்னு கேட்டுட்டு வாங்க. எனக்கு அதுதான் வேணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

உடுமலை, மறையூர், மூணாறு, பூப்பாறை வழியாகப் போனேன். குளிர். நான் ஸ்வெட்டர் கொண்டு போகவில்லை. எஸ்டேட் தொழிலாளர்களுக்குக் கட்டிய லயத்து வீடு. வரிசையில் கடைசி. சமையல்காரர் வெளியே வந்து நின்றார். முப்பது வயசு இருக்கும். மெலிந்த ஆள். நான் யார் என்று சொல்வதற்கு முன்னாலேயே என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உங்கள நான் பாத்திருக்கேண்ணே."

"நான் இந்தப் பக்கம் வந்ததே இல்லீங்க."

"இங்க இல்லண்ணே. அங்க."

எனக்குப் புரியவில்லை. உள்ளே கூட்டிப் போய் உட்கார வைத்தார். அவர் சம்சாரம் பால் விடாத கட்டன் சாயா கொண்டு வந்தது. குடிக்கச் சொல்லிவிட்டு அவர் சொன்னார்.

"ஒரு குடோன்ல எங்களை வச்சிருந்தாய்ங்க. ஒரு நாள் எல்லாரையும் நிக்க வச்சு விசாரணைன்னாய்ங்க. ஒருத்தன் போன நீட்டுனான். பாத்தா கேப்டன் படம். வெள்ளச் சட்ட. பக்கத்துல புலி. கீழ வரிசையா சின்னச் சின்ன போட்டோ. மொத போட்டோ நீங்க. செல்லக் காதுல வச்சுக்கிட்டு இருப்பீங்க."

சாயாவைக் கீழே வைத்தேன்.

"தமிழ் அவங்களுக்கு எப்பிடிங்க தெரியும்?"

"போன் கேமராவ எழுத்து மேல காட்டுனா அவய்ங்க பாசையில சொல்லிருதுல்லண்ணே. மூழ்கடிச்சேன்னு போட்டிருக்கு, அப்ப அதுல இருந்த எங்க ஆளுகளக் கொன்னது நீதானேன்னு கேட்டாய்ங்க. மூழ்கல, ஒதுங்கிப் போயிருச்சுன்னு கேப்டன் இங்கிலீசுல சொன்னாரு. உன் ஊரே எழுதி வச்சிருக்குல்லன்னாய்ங்க. எங்க ஊர்ல பிள்ளைக்குக் காது குத்துனாலும் இப்பிடித்தான் எழுதுவாங்கன்னு சொன்னாரு. அது அவய்ங்களுக்கு வெளங்கல. காத எதுக்குக் குத்துறீங்கன்னு கேட்டாய்ங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"யாரு எழுதுனதுன்னு கேட்டாய்ங்க. சொல்லலண்ணே. சிரிச்சாரு. எங்க பக்கம் லேசாத் திரும்பி, 'என்ற மச்சான் வேல'ன்னாரு. தமிழ் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான் அங்க."

"கோவமாச் சொன்னாருங்களா?"

"இல்லண்ணே. வீட்ல யாராச்சும் குழம்புல உப்பக் கூடப் போட்டுட்டா சொல்லுவம்ல, அப்பிடி."

 வெளியே கொழுந்து எடுத்துவிட்டு வருகிறவர்கள் சத்தம் கேட்டது.

"அந்தப் படத்தாலதானுங்களா?" என்றேன்.

"அது இல்லாட்டியும் சுட்டிருப்பாய்ங்கண்ணே. ஒரு ஆளச் சுட்டுக் காட்டணும்னு முடிவு பண்ணிட்டாய்ங்க. கேப்டன்தான் பெரிய ஆளு."

"அதனாலயா இல்லையான்னு கேட்டனுங்க."

"தெரியலண்ணே. மறுநாள் காலையில கூட்டிட்டுப் போனாய்ங்க. சத்தம் கேட்டுச்சு. எனக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தான்."

நான் கிளம்பினேன். வண்டி வரைக்கும் வந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"சீப் ஆபீசரும் இன்னும் ரெண்டு பேரும் அங்கதான் கெடக்காங்க. கேப்டனப் பத்தி ஒண்ணும் பெருசா எழுதிப் போட்டுராதீங்கண்ணே. அவய்ங்க போனத் தோண்டிக்கிட்டே இருப்பாய்ங்க."

வீட்டுக்கு வந்ததும் தங்கை வாசலில் நின்றாள்.

"என்ன சொன்னாருங்ணா?"

"தைரியமா இருந்தாராமா."

"அப்பறம்?"

"சிரிச்சுட்டு இருந்தாராமா."

"எதுக்குச் சிரிச்சாரு?"

"அது தெரியல கண்ணு" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். நம்பவில்லை என்று தெரிந்தது. சொல்லியிருக்கலாம். என் மேல் வரும் பழிக்காக மட்டும் மறைக்கவில்லை. போட்டோ அவள் கொடுத்தது. நான் வாயைத் திறந்தால் அவளும் அதில் பங்குக்கு வந்துவிடுவாள். அவளுக்கு அதையும் கொடுக்க வேண்டாம் என்று நினைத்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திதிக்கு முந்தின வாரம் ஊர் மன்றத்துப் பையன்கள் முக்கில் என்னை நிறுத்தினார்கள். போனில் ஒரு படம் காட்டினார்கள். புது பிளக்ஸ். அதே வெள்ளைச் சட்டை. "எதிரிப் படகுகளை மூழ்கடித்து வீரமரணம் அடைந்த எங்கள் கேப்டனுக்கு முதலாம் ஆண்டு வீரவணக்கம்." ஒரு வருடத்தில் ஒரு படகு பல படகாகியிருந்தது.

"வேண்டாம்" என்றேன்.

"ஏனுங் மாமா?"

"வேண்டாம்னா வேண்டாம்."

"உங்க போட்டோவ நாலாவதாப் போட்டுட்டோம்னு கோவமுங்களா? மொதல்ல போட்டறலாமுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். இன்னொருவன் சொன்னான்: "மாமா வெச்சப்ப மட்டும் வெக்கலாம். நாங்க வெச்சா ஆகாது."

"அக்கா சரின்னு சொல்லிட்டாங்க மாமா" என்றான் போன் வைத்திருந்தவன். "போட்டோவே அவங்கதான் மறுபடி அனுப்புனாங்க. நாளைக்கு அடிக்கக் குடுக்கறோம்."

அவன் போனைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். நான் நின்றேன். இன்னும் அங்கே அடைபட்டுக் கிடக்கிற அந்த மூன்று பேர் முகம் எனக்குத் தெரியாது. எந்த ஊர் என்றும் தெரியாது. அவர்களுக்கும் வீட்டில் போனைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது இருப்பார்கள். பையன்களிடம் என்ன சொல்லி நிறுத்துவது? காரணம் சொல்ல வேண்டும். அதைத் தங்கைக்குத் தெரியாமல் ஊருக்குச் சொல்ல முடியாது.

நேராக அவள் வீட்டுக்குப் போனேன். தென்னைக்குச் சொட்டுநீர் போகிற குழாயில் அடைப்பு. அவள் உட்கார்ந்து ஊசியால் குத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்தேன். போடிமெட்டில் கேட்டது எல்லாவற்றையும் சொன்னேன். போன் நீட்டியது, புலி, என் போட்டோ, காதுகுத்து, அவர் சிரித்தது, என்ன சொன்னார் என்பது. மூன்று பேர் இன்னும் உள்ளே இருப்பது. எதையும் விடவில்லை.

அவள் ஊசியைக் குழாயிலேயே வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த போட்டோ நான் குடுத்தது" என்றாள்.

"எழுத்து நான் குடுத்தது."

"நானும் படிச்சனே. எனக்கும் தப்பாத் தெரியலியே. ஊரே பாக்குதுன்னு சந்தோசமா இருந்துச்சு."

நான் அங்கேயே நிறுத்தியிருந்தால் பாரம் பாதிப் பாதியாகப் போயிருக்கும். அவள் தன் பங்கை எடுத்துக்கொண்டாள். ஆனால் அது உண்மை இல்லை. பாதி அவளுடையது இல்லை.

"அவரு கழட்டச் சொன்னாரு கண்ணு."

நிமிர்ந்து பார்த்தாள்.

"எப்ப?"

"வந்த அன்னிக்கே. முக்குலயே. ஆளு செத்திருப்பாங்கன்னு ஆயிரும், கழட்டிருங்கன்னு சொன்னாரு. நோம்பி முடியட்டும்னு நாந்தான் சொன்னேன். முடிஞ்சும் கழட்டல."

அவள் அழவில்லை. ஊசியை உருவிப் புடவையில் துடைத்தாள். போனை எடுத்து மன்றத்துப் பையனைக் கூப்பிட்டாள்.

"சாமி, பிளக்ஸ் வேண்டாம். அடிக்கக் குடுக்காத. அந்தப் படத்த யாருக்கும் அனுப்பாத, அனுப்பியிருந்தா அழிச்சுரு... ஏன்னு கேக்காத. நான் சொல்றேன்ல."

அவன் என்னவோ பேசினான். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உள்ள இன்னும் ஆளுக இருக்காங்க. அவிய உசுரு. போதுமா?" என்று சொல்லி வைத்தாள்.

பிறகு அடுத்த குழாய்க்கு நகர்ந்து உட்கார்ந்தாள். நானும் எழுந்தேன்.

"நீங்க கொஞ்ச நாளைக்கு இங்க வராதீங்ணா."

"திதிக்கு?"

"வேண்டாங்ணா."

சரி என்றேன்.

திதி அன்றைக்கு முதலமடையில் தோப்பில் இருந்தேன். பூ நன்றாகப் பிடித்திருந்தது. மருந்தடிக்கிற ஆட்கள் வந்திருந்தார்கள். அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை. ஆட்கள் கேட்டார்கள். வயிறு சரியில்லை என்றேன். ஊர் முக்கில் பிளக்ஸ் இல்லை என்று அந்தப் பக்கம் இருந்து வந்த லாரி டிரைவர் சொன்னார். அவ்வளவு பெரிய ஆளுக்கு ஊர்க்காரன் ஒரு படம்கூட வைக்கவில்லையே, என்ன ஊருங்க உங்க ஊரு என்றார். நான் மருந்து கலக்குகிற பக்கம் போனேன்.

அந்த மூன்று பேரும் இன்னும் வரவில்லை. உயிரோடு இருக்கிறார்கள் என்று கம்பெனியில் சொல்கிறார்களாம்.

கொஞ்ச நாள் கழித்துச் சமையல்காரர் போன் பண்ணினார்.

"அக்கா வந்துட்டுப் போனாங்கண்ணே."

எனக்குத் தெரியாது. என் வண்டியைக் கேட்கவில்லை. பஸ் மாறி மாறிப் போயிருக்கிறாள்.

"என்ன கேட்டாளுங்க?"

"அங்க என்ன சாப்பிட்டாருன்னு கேட்டாங்க. காஞ்ச ரொட்டியும் பருப்பும் குடுப்பாய்ங்க, பாதிய எடுத்து வச்சு ராத்திரி சாப்பிடுவாருன்னு சொன்னேன். தூங்குனாரான்னு கேட்டாங்க. குடோன் பக்கத்துல ஒரு ஜெனரேட்டர் ஓடிக்கிட்டே இருக்கும், அதனால தூங்கிருவாருன்னு சொன்னேன். அதக் கேட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தாங்க. அப்பறம் கெளம்பிட்டாங்க."

"என்னயப் பத்தி ஏதாச்சும்?"

"இல்லண்ணே."

போனை வைத்தேன். எப்படி இருந்தார் என்று கேட்டு வரச் சொல்லித்தான் அவள் என்னை அனுப்பினாள். அவ்வளவு தூரம் போய் நான் என்னைப் பற்றித்தான் கேட்டேன்.